வயிறு சொல்லும் சேதி

(பொன்விழாச் சொற்பொழிவு வரிசையில் இளையர் பிரிவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)





பொன்விழா ஆண்டில் இளையர் பிரிவும் ஓர் உரை ஆற்ற வேண்டும் என்று செயலவை கேட்டுக்கொண்டது. சங்க வரலாறு, வணிகம், கல்வி என்று பல தலைப்புகளைப் பேசிப் பார்த்தோம். கடைசியில் வயிற்றைப் பற்றிப் பேசுவது என்று முடிவு செய்தோம். எங்களில் மருத்துவர் யாரும் இல்லை. பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயப் படிப்பை முடித்துவிட்டு, அத்தா நடத்திய கடையின் கல்லாவில் வந்து உட்கார்ந்தவர்கள்தாம் எங்களில் அதிகம். வயிற்றுக்காகத்தான் பாட்டன்மார் கப்பலேறி வந்தார்கள் என்று வீட்டில் சொல்லி வளர்த்தார்கள். அந்த வயிற்றை இன்று நாம் எப்படி வைத்திருக்கிறோம் என்று பார்க்கலாம் என்றுதான் இந்தத் தலைப்பு.

ஜும்ஆ முடிந்து வெளியே நிற்கும்போது மூன்று பேச்சுகள் தவறாமல் காதில் விழுகின்றன. ஒன்று, "எனக்கு கேஸ்ட்ரிக்." இரண்டு, "எனக்குச் சுகர்." மூன்றாவது இப்போது புதிதாக வந்திருக்கிறது: "அந்த ஊசி போட்டால் உடம்பு இளைக்குமாமே?" மூன்றும் வேறு வேறு செய்திகள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் மூன்றையும் ஒரே கயிறு கட்டியிருக்கிறது. அந்தக் கயிற்றின் பெயர் குடல் ஹார்மோன்கள். நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலாக விஞ்ஞானிகள் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, நம் வீடுகளுக்கு அதில் என்ன வேலை என்பதற்கு வருகிறோம்.

லண்டனில் ஒரு பிற்பகல்

உணவு இரைப்பையை விட்டுச் சிறுகுடலுக்குள் இறங்கியதும் கணையம் தன் செரிமான நீரைச் சுரக்கிறது. உணவு வந்துவிட்டது என்று கணையத்துக்கு யார் சொல்கிறார்கள்? நரம்புகள்தாம் சொல்கின்றன என்பது அன்றைய முடிவு. ரஷ்யாவின் பாவ்லோவ் பெரிய ஆய்வாளர். செரிமான ஆய்வுக்காகவே 1904ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றவர். நரம்புதான் எல்லாவற்றையும் நடத்துகிறது என்பது அவருடைய ஆய்வகத்தின் உறுதியான கருத்து.

1902ஆம் ஆண்டு ஜனவரி மாதம் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் வில்லியம் பேலிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற இருவர் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். இருவரும் மச்சினன்மார், ஸ்டார்லிங்கின் சகோதரியைத்தான் பேலிஸ் மணந்திருந்தார். ஒரு நாயின் சிறுகுடல் துண்டுக்குப் போகும் நரம்புகளை எல்லாம் அறுத்துவிட்டு, அந்தத் துண்டுக்குள் அமிலத்தை விட்டார்கள். நரம்பு இல்லையென்றால் செய்தி போகக்கூடாது. ஆனாலும் கணையம் சுரந்தது. உடனே குடலின் உட்சவ்வைச் சுரண்டி எடுத்து, மணலோடும் அமிலத்தோடும் சேர்த்து அரைத்து, வடிகட்டி, அந்த நீரை நாயின் இரத்தத்தில் செலுத்தினார்கள். மறுபடியும் கணையம் சுரந்தது. ஆக, செய்தி இரத்தத்தின் வழியாகத்தான் போயிருக்கிறது. அந்தப் பொருளுக்குச் 'செக்ரெட்டின்' என்று பெயர் வைத்தார்கள். இப்படி இரத்தத்தில் செய்தி கொண்டு போகும் பொருள்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக 'ஹார்மோன்' என்ற சொல்லை 1905ஆம் ஆண்டில் ஸ்டார்லிங் அறிமுகப்படுத்தினார். இன்று தைராய்டு, இன்சுலின் என்று எத்தனையோ ஹார்மோன்களைச் சொல்கிறோம். அந்தச் சொல் பிறந்ததற்குக் காரணமாக இருந்தது குடல்தான்.

பாவ்லோவின் ஆய்வகத்திலும் இதே சோதனையைச் செய்து பார்த்தார்கள்; அதே விளைவுதான் வந்தது. லண்டன்காரர்கள் சொல்வது சரிதான் என்று அவர் ஏற்றுக்கொண்டதாக அவருடைய மாணவர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். பெரிய மனிதர், தம் கருத்துக்கு எதிரான சோதனையைத் தம் கூரையின் கீழேயே நடத்திப் பார்த்து ஏற்றுக்கொண்டார். சங்கம் நடத்துகிறவர்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது.

அதன் பிறகு வரிசையாக வந்தன. இரைப்பையில் அமிலத்தைச் சுரக்கச் சொல்லும் 'கேஸ்ட்ரின்' இருப்பதை 1905ஆம் ஆண்டில் எட்கின்ஸ் சொன்னார். பலர் நம்பவில்லை. லிவர்பூலில் ரோட்ரிக் கிரெகரியும் ஹில்டா டிரேசியும் 1964ஆம் ஆண்டில் அதைத் தூய வடிவில் பிரித்தெடுத்துக் காட்டிய பிறகுதான் சந்தேகம் தீர்ந்தது. பித்தப்பையைச் சுருங்கச் சொல்லும் 'கோலிசிஸ்டோகைனின்' 1928ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. பசியைத் தூண்டும் 'கிரெலின்' ஜப்பானில் 1999ஆம் ஆண்டில்தான் தெரியவந்தது. அதைச் சுரப்பது பெரும்பாலும் இரைப்பை. சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது அது இரத்தத்தில் ஏறுகிறது, சாப்பிட்டதும் இறங்குகிறது. இப்படி இருபதுக்கும் மேற்பட்ட ஹார்மோன்கள் குடலிலிருந்து வருகின்றன.

எங்கள் தொழில் மொழியில் சொன்னால் விளங்கும். துறைமுகத்தில் சரக்குப் பெட்டி இறங்கியதும் கிடங்குக்குத் தகவல் போகிறது: இடம் ஒதுக்கு, ஆளைக் கூப்பிடு, லாரியைத் தயார் செய். அடுத்த சரக்கைக் கொஞ்சம் நிறுத்தி வை என்று அனுப்புகிறவருக்கும் தகவல் போகிறது. தகவல் போகாவிட்டால் சரக்கு வாசலில் குவியும். குடலும் அதைத்தான் செய்கிறது. கணையத்துக்கும் பித்தப்பைக்கும் "சரக்கு வந்துவிட்டது" என்கிறது. இரைப்பைக்கு "மெதுவாக அனுப்பு" என்கிறது. மூளைக்கு "போதும்" என்கிறது. அந்தப் "போதும்" போய்ச் சேரச் சில நிமிடங்கள் ஆகும். பத்து நிமிடத்தில் ஒரு தட்டு பிரியாணியை முடித்துவிட்டு மறு தட்டுக்குக் கை நீட்டுகிறவருக்கு அந்தச் சேதி கை கழுவும்போதுதான் வந்து சேருகிறது.

'கேஸ்ட்ரிக்' என்ற ஒற்றைச் சொல்

இந்த ஊரில் வயிற்றில் என்ன வந்தாலும் நமக்குக் கேஸ்ட்ரிக். நெஞ்செரிச்சல், உப்புசம், மேல் வயிற்று வலி, ஏப்பம் எல்லாம் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. கல்லாப் பெட்டிக்குப் பக்கத்து இழுவையைத் திறந்தால் ஒரு மாத்திரை அட்டை இருக்கும். இதைத்தான் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வயிற்றுப்புண்ணுக்குக் கவலையும் காரமும் காரணம் என்றே நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்ற இரண்டு மருத்துவர்கள், புண் உள்ளவர்களின் இரைப்பையில் வளைந்த வடிவில் ஒரு நுண்ணுயிர் இருப்பதைக் கண்டார்கள். 1982ஆம் ஆண்டில் அதை வளர்த்தும் காட்டினார்கள். அமிலத்தில் எந்தக் கிருமியும் வாழாது என்று மற்றவர்கள் சொல்ல, 1984ஆம் ஆண்டில் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்தார். சில நாள்களில் வாந்தியும் இரைப்பை அழற்சியும் வந்தன. ஹெலிகோபாக்டர் பைலோரி என்பது அதன் பெயர். 2005ஆம் ஆண்டு இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. இந்தக் கிருமி குடல் ஹார்மோனிலும் கை வைக்கிறது. கேஸ்ட்ரினை அடக்கி வைக்கும் சோமட்டோஸ்டாட்டின் என்ற ஹார்மோனை அது குறைக்கிறது. கடிவாளம் தளர்ந்ததும் கேஸ்ட்ரின் கூடுகிறது, பலருக்கு அமிலமும் கூடி முன்சிறுகுடலில் புண் வருகிறது. இதற்கு ஆயுள் முழுவதும் மாத்திரை வேண்டியதில்லை. பரிசோதித்துக் கிருமி இருப்பது தெரிந்தால், அமிலம் குறைக்கும் மருந்தோடு நுண்ணுயிர்க்கொல்லிகளை ஒன்றிரண்டு வாரம் மருத்துவர் சொன்னபடி முடித்தால் பெரும்பாலோருக்குப் போய்விடும். அப்படிப் போகக்கூடிய ஒன்றை இருபது ஆண்டு இழுவையில் வைத்துக்கொண்டிருப்பவர்கள் நம்மிடையே இருக்கக்கூடும்.

அந்த மாத்திரை அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒமிப்ரசோல் வகை மாத்திரைகள் நல்ல மருந்துகள். வேண்டியவர்களுக்கு உயிர் காப்பவை. அமிலம் குறைந்துவிட்டால் உடல் சும்மா இருக்காது; இன்னும் சுரக்கச் சொல்லி கேஸ்ட்ரினை அதிகமாக அனுப்புகிறது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தும்போது அந்தக் கேஸ்ட்ரினின் வேலை வெளியே தெரிகிறது. டென்மார்க்கில் வயிற்றுத் தொல்லையே இல்லாத 120 பேரை வைத்து ஆய்வு செய்து 2009ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். எட்டு வாரம் இம்மாத்திரையைச் சாப்பிட்டு நிறுத்தியவர்களில் 44 விழுக்காட்டினருக்கு நெஞ்செரிச்சல் போன்ற தொல்லைகள் வந்தன. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 15 விழுக்காட்டினருக்குத்தான் அப்படி. நோயே இல்லாதவருக்கும் மாத்திரையை நிறுத்தினால் எரிகிறது. "நிறுத்தினால் எரிகிறது, ஆகவே எனக்கு இது வேண்டும்" என்று பல ஆண்டுகள் ஓட்டுகிறவர்கள் மருத்துவரிடம் போய், படிப்படியாகக் குறைக்க முடியுமா என்று கேட்கலாம். தாமாக நிறுத்தவும் வேண்டாம், தாமாகத் தொடரவும் வேண்டாம்.

விருந்து முடிந்த இரவில் வலது பக்க மேல் வயிற்றில் பிடித்து இழுத்து, முதுகுக்கோ வலது தோளுக்கோ போகும் வலி பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். நெய்ச்சோறும் கறியும் உள்ளே போனதும் கோலிசிஸ்டோகைனின் பித்தப்பையைப் பிழியச் சொல்கிறது. உள்ளே கல் இருந்து வழியை அடைத்தால் வலிக்கும். எவ்வளவு கேஸ்ட்ரிக் மாத்திரை போட்டாலும் அது கேட்காது.

மலம் கறுப்பாகப் போனாலோ, இரத்த வாந்தி எடுத்தாலோ, விழுங்கும்போது அடைத்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, இரத்த சோகை என்று சொன்னாலோ ஒரு நாளும் தள்ளிப் போடக்கூடாது. நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும் மூச்சுத் திணறலும் சேர்ந்து வந்தால் அது கேஸ்ட்ரிக் என்று நாமே தீர்ப்பு எழுதக்கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பு பெரிய வலி இல்லாமலும் வரும். 995 என்ற எண்ணை அழைப்பதற்கு வெட்கம் வேண்டாம். கேஸ்ட்ரிக் என்று சொல்லி இஞ்சி டீ குடித்துவிட்டுப் படுத்தவர்கள் எழுந்திருக்காத வீடுகள் உண்டு என்பது மூத்தோர்களுக்குத் தெரியும்.

சர்க்கரையும் பல்லியும்

1964ஆம் ஆண்டில் லண்டனிலும் அமெரிக்காவிலும் ஆய்வாளர்கள் ஓர் எளிய கேள்வியைக் கேட்டார்கள். சர்க்கரையை வாய் வழியாகக் கொடுத்தால் அதிகம் இன்சுலின் சுரக்குமா, இரத்தநாளத்தில் நேராகச் செலுத்தினாலா? நேராகச் செலுத்தினால்தான் அதிகம் என்று நாம் நினைப்போம். வாய் வழியாகக் கொடுத்தபோதுதான் அதிகம் சுரந்தது. குடல் முன்கூட்டியே கணையத்துக்குத் தகவல் சொல்லிவிடுகிறது. ஆரோக்கியமான ஒருவர் சாப்பிட்ட பின் சுரக்கும் இன்சுலினில் பாதிக்கு மேலேயே இந்தத் தகவலால்தான் வருகிறது. இரண்டாம் வகை நீரிழிவு வந்தவர்களிடம் இந்தத் தகவல் தொடர்பு பலவீனமாகிவிடுகிறது என்பதை 1986ஆம் ஆண்டில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

தகவல் கொண்டு போகும் ஹார்மோன்களில் முக்கியமான ஒன்று 'ஜிஎல்பி-1'. பாஸ்டனில் ஜோயல் ஹேபனர், ஸ்வெட்லானா மொய்சோவ், கோபன்ஹேகனில் யென்ஸ் ஹோல்ஸ்ட் ஆகியோரின் குழுக்கள் 1980களில் இதன் வேலையைக் கண்டறிந்தன. சாப்பிட்டதும் சிறுகுடலின் கீழ்ப்பகுதியிலிருந்து அதிகம் வருகிறது. சர்க்கரை கூடியிருக்கும்போது மட்டும் இன்சுலினைத் தூண்டுகிறது. இரைப்பை காலியாவதை மெதுவாக்குகிறது. மூளையில் பசியைக் குறைக்கிறது. மருந்தாக்கிவிடலாமே என்றால் ஒரு சிக்கல்: இரத்தத்தில் ஒன்றிரண்டு நிமிடத்தில் பாதி அழிந்துவிடும்.

வழி கிடைத்தது பாலைவனத்தில். அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் வாழும் கிலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லி ஆண்டுக்குச் சில முறை மட்டுமே சாப்பிடும். அதன் நச்சுநீரில் ஜிஎல்பி-1 போலவே வேலை செய்து, ஆனால் விரைவில் அழியாத ஒரு பொருளை நியூயார்க்கின் ஜான் எங் 1992ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதைப் பார்த்து ஆய்வகத்தில் செய்த மருந்து 2005ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பிறகு மனித ஹார்மோனையே சற்று மாற்றி, நாளுக்கு ஒன்று, வாரத்துக்கு ஒன்று என்று நீடிக்கும் ஊசிகள் வந்தன. வாரத்துக்கு ஒருமுறை போடும் செமாகுளுடைட் 2017ஆம் ஆண்டில் வந்தது. இந்தப் பணிக்காக ஹேபனர், மொய்சோவ், டென்மார்க்கின் லோட்டே நுட்சென் மூவருக்கும் 2024ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லாஸ்கர் விருது கிடைத்தது.

"அந்த ஊசி" இதுதான். நல்லதா கெட்டதா என்று கேட்கிறீர்கள். 2021ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், நீரிழிவு இல்லாத பருமனானவர்கள் 68 வாரம் இதைப் போட்டுக்கொண்டார்கள். உணவு, உடற்பயிற்சி ஆலோசனையும் கூடவே இருந்தது. சராசரியாக 15 விழுக்காடு எடை குறைந்தது. வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4 விழுக்காடு. பெரிய வெற்றிதான். அதே ஆய்வின் தொடர்ச்சியில், ஊசியை நிறுத்தி ஓராண்டு ஆனபோது இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் ஆகியவை பலருக்கு வரும். பித்தப்பைக் கல், அரிதாகக் கணைய அழற்சி என்ற ஆபத்தும் உண்டு. கொழுப்போடு தசையும் குறைகிறது. அறுவை சிகிச்சைக்கு முன் இந்த ஊசி போடுவதை மயக்க மருந்து கொடுப்பவரிடம் சொல்லியாக வேண்டும். வயிறு மெதுவாகக் காலியாவதால் உள்ளே உணவு தங்கியிருக்கலாம்.

ஆகவே இது மருத்துவர் பார்த்து, அளவு சொல்லி, கண்காணித்துத் தர வேண்டிய மருந்து. சிங்கப்பூரில் மருத்துவச் சீட்டு இல்லாமல் இதை விற்கக்கூடாது. கைப்பேசிக் குழுக்களில் "ஊரிலிருந்து வருகிறது, பாதி விலை" என்று வரும் செய்தியைப் பார்த்திருப்பீர்கள். வணிகர்களாக எங்களுக்கு ஒன்று தெரியும்: குளிர்ச்சியில் வைக்க வேண்டிய சரக்கு வெயிலில் வந்தால் பெட்டியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. போலியா அசலா என்பது அதைவிடக் கடினம். மீன் வாங்கினாலே செவுளைத் திறந்து பார்க்கிறோம். உடம்புக்குள் போகும் ஊசியைப் பார்க்காமல் வாங்கலாமா?

மூத்தோர்கள் சிலர் வெளியே கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று உண்டு. இவையெல்லாம் பன்றியிலிருந்து வருகின்றனவா? தயங்க வேண்டியதில்லை, நியாயமான கேள்வி. ஸ்டாக்ஹோமில் யோர்ப்பெஸும் மூட்டும் செக்ரெட்டினைத் தூய்மையாகப் பிரித்தது பன்றிக் குடலிலிருந்துதான். இன்சுலினும் பல்லாண்டு காலம் பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்து வந்தது. நுண்ணுயிரை வைத்து உருவாக்கிய மனித இன்சுலின் 1982ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. இன்று நாம் போடும் இன்சுலின் பெரும்பாலும் அந்த வகை. செமாகுளுடைட் செய்ய ஈஸ்ட்டைப் பயன்படுத்துகிறார்கள். அதே சமயம், கணைய நொதி மாத்திரைகள் இன்றும் பன்றிக் கணையத்திலிருந்தே வருகின்றன. சந்தேகம் இருந்தால் மருந்தாளரிடம் கேளுங்கள், ஆலிம்களிடம் கேளுங்கள். யாரிடமும் கேட்காமல் ஊசியை அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு, போட்டுக்கொண்டேன் என்று மகளிடம் சொல்வதுதான் ஆபத்து.

நோன்பும் மருந்தும்

நோன்பு நேரத்தில் வயிறு உறுமுவதைப் பசி என்கிறோம். வயிறு காலியாக இருக்கும்போது ஏறத்தாழ ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரைப்பையிலிருந்து குடல் முழுவதும் ஒரு சுருக்க அலை போகிறது. மோட்டிலின் என்ற ஹார்மோன் அதைத் தொடங்கி வைக்கிறது. மிச்சம் மீதியைக் கூட்டித் தள்ளும் வேலை. கடை சாத்திய பிறகு தரையைக் கூட்டுவது மாதிரி. இடைவிடாமல் எதையாவது கொறித்துக்கொண்டிருந்தால் இந்த வேலை நடக்காது.

ஆனால் சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு நோன்பில் கவனம் தேவை. போன ரமலானில் எங்கள் தெருவில் ஒரு கடையில் நடந்தது. ஐம்பதைத் தாண்டிய நானா ஒருவர், சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர். மாலை ஐந்து மணிக்கு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார். கை நடுங்குகிறது, சட்டை நனைந்துவிட்டது, பேச்சு குழறுகிறது. இனிப்பு நீரைக் கொண்டு போனோம். "இன்னும் ரெண்டு மணி நேரம்தானே தம்பி" என்று வாயை மூடிக்கொண்டார். சோதித்தால் 3.1. பள்ளிவாசலில் பணியாற்றும் ஹஜ்ரத் ஒருவர் தற்செயலாக அந்த வழியே வந்து, "நானா, குடிங்க. மார்க்கம் உங்களுக்குத் தந்த சலுகை இது. பிறகு களா செய்யலாம்" என்று சொன்ன பிறகுதான் குடித்தார். குடிக்கும்போது அழுதார். சற்றுத் தாமதித்திருந்தால் அன்று அவர் நினைவிழந்திருப்பார். மருத்துவரிடம் போனீர்களா என்று கேட்டபோது, "நோன்பு வைக்காதேன்னு சொல்லிடுவாங்கன்னு பயந்து போகல" என்றார்.

அந்தப் பயத்தைத்தான் நாம் போக்க வேண்டும். நோன்புக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள் என்பது அனைத்துலக நீரிழிவுச் சம்மேளனம் தரும் வழிகாட்டல். பலரால் மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொண்டு பாதுகாப்பாக நோன்பு வைக்க முடியும். சிலரால் முடியாது, அதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. இன்சுலின் போடுகிறவர்களும், கணையத்தை நேரடியாகத் தூண்டும் பழைய வகை மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். விரலில் குத்திச் சோதிப்பது நோன்பை முறிக்காது என்பதே ஆலிம்களின் பரவலான கருத்து. 3.9க்குக் கீழே இறங்கினாலும் 16.7க்கு மேலே ஏறினாலும் நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பதும் அதே வழிகாட்டலில் இருக்கிறது. சஹரைத் தவிர்த்துவிட்டு நோன்பு வைப்பது வீரம் ஆகாது.

நம் தட்டிலிருந்து தொடங்கலாம்

2016ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போர் அறிவித்தது. 2022 டிசம்பர் இறுதியிலிருந்து பான டப்பாக்களில் ஏ முதல் டி வரை எழுத்து போட்டு விற்கிறார்கள். தேசிய ஆய்வுகளில் இந்தியர்களிடையே நீரிழிவு கூடுதலாகவே காணப்படுகிறது. அந்தக் கணக்கில் நாமும் இருக்கிறோம்.

செலவில்லாத ஒரு வழியைச் சொல்கிறோம். சாப்பிடும் வரிசையை மாற்றிப் பார்ப்பது. காயையும் கறியையும் முதலில் சாப்பிட்டுவிட்டு மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்டால் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை குறைவாக ஏறுகிறது என்று அமெரிக்காவில் ஒரு சிறு ஆய்வு 2015ஆம் ஆண்டில் சொன்னது. ஜப்பானில் சோற்றுக்கு முன் மீனோ இறைச்சியோ சாப்பிட வைத்துப் பார்த்தபோது ஜிஎல்பி-1 கூடியது, இரைப்பை மெதுவாகக் காலியானது. சிங்கப்பூரிலும் காய், இறைச்சி, சோறு மூன்றையும் வரிசை மாற்றிக் கொடுத்து இதே திசையில் விளைவு கண்டிருக்கிறார்கள். சிறிய ஆய்வுகள்தாம், மருந்துக்கு மாற்றும் இல்லை. ஆனாலும் நம் பிரியாணித் தட்டில் பச்சடியும் கோழியும் தாளிச்சாவில் போட்ட கத்தரிக்காயும் ஏற்கெனவே இருக்கின்றன. சோற்றை நடுவில் வைத்துக்கொண்டு அவற்றை முதலில் எடுத்தால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். சஹனில் நான்கு பேர் உட்கார்ந்து பேசிச் சாப்பிட்டால் கை தானாக மெதுவாகும். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று சிறுவயதில் மதரஸாவில் கேட்டதை நாம் மறந்திருக்கமாட்டோம்.

செயலவைக்கும் மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறோம். ஒன்று, ஒவ்வோர் ஆண்டும் ரமலானுக்கு இரண்டு மாதம் முன்பு, ஒரு மருத்துவரும் ஓர் ஆலிமும் ஒரே மேடையில் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ஒரு மாலை. தனித்தனியாகப் போய்க் கேட்கத் தயங்குகிறவர்கள் அங்கே கேட்பார்கள். இரண்டு, சங்க நிகழ்ச்சிகளில் கேட்காமலே சர்க்கரை கலந்த தேநீர் ஊற்றும் வழக்கத்தை மாற்றி, சர்க்கரையைத் தனியே வைப்பது. வேண்டியவர் போட்டுக்கொள்ளட்டும். மூன்று, கடைகளில் தனியாகத் தங்கி வேலை செய்யும் சகோதரர்களை இளையர் பிரிவு பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போக அனுமதி. குடும்பம் ஊரில் இருக்க, இங்கே தனியே இருக்கிறவருக்கு "மருந்து சாப்பிட்டீர்களா" என்று கேட்க ஆள் இல்லை. அதைக் கேட்பதற்குத்தானே ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இந்தச் சங்கத்தைத் தொடங்கினார்கள்?

தாய்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். கேஸ்ட்ரிக் என்று வீட்டில் ஒருவர் மூன்று வாரத்துக்கு மேல் சொன்னால், கஷாயம் வைத்துக் கொடுங்கள், கூடவே மருத்துவரிடம் நேரமும் வாங்குங்கள். கடையை ஒருநாள் தாமதமாகத் திறந்தால் வாடிக்கையாளர் காத்திருப்பார். எங்களைக் கேளுங்கள், கடை வாசலில் நாங்கள் உட்கார்கிறோம்.

 சங்கம் நூற்றாண்டு காண வேண்டும். அதைக் கொண்டாட இங்கே இருக்கும் பிள்ளைகள் நல்ல உடல் நலத்தோடு வர வேண்டும் என்று துஆ செய்து விடைபெறுகிறோம்.